பத்து விரலுக்குள் ஒரு விடை

பல் டாக்டரிடம் உதவியாளராகச் சேர்வதற்கு முன்பு அவள் பதினாறு வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் பாக்கிங் பிரிவில் இருந்தாள். ஓடுகிற பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் ஆறு பெண்கள், அந்தப் பக்கம் ஆறு பெண்கள். கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். மனசுதான் சும்மா கிடக்கும். மதியத்துக்கு மேல் கண் சொக்கும். சொக்கினால் பிஸ்கட் குவிந்துவிடும், குவிந்தால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். அதனால் ஒருத்தியை ஒருத்தி தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள அவர்கள் கணக்குப் புதிர் போட்டுக்கொண்டார்கள். தாள் கிடையாது, பேனா கிடையாது, ஒரு அட்டைப்பெட்டி நிரம்புவதற்குள் விடை சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றாலே கடைசி பெஞ்சில் ஒளிந்தவள், அங்கே போன பிறகுதான் தனக்கும் கணக்கு வரும் என்பதைக் கண்டுகொண்டாள். எழுதச் சொன்னால் ஒன்றும் வராது. காதில் விழுந்தால் போதும், விடை தானாக வந்து நாக்கில் உட்காரும்.

தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவளால் போக முடியவில்லை. கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர், அவருக்கு வேலை கொடுப்பவர்கள் எல்லாரும் இந்த ஊரில்தான். இரண்டு மாதம் அலைந்த பிறகு, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த பல் கிளினிக்கின் கண்ணாடிக் கதவில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து ஏறிப் போனாள். டாக்டர் சின்ன வயதுப் பெண், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். கிளினிக் திறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா என்று டாக்டர் கேட்டார். இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவள் நான் என்று அவள் சொன்னாள். வேலை கிடைத்துவிட்டது. டாக்டர் அன்றைக்கே அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்; வருகிறவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கருவிகளைக் கழுவி, கொதிக்கும் பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும். பல் அடைக்கிற மாவைக் குழைத்துத் தர வேண்டும். டாக்டர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று, வாயில் ஊறுகிற எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டது. பழக முடியாமல் போனது மனிதர்களின் பயம்தான். நாற்காலியைச் சாய்த்ததுமே செருப்பு நுனி ஆடத் தொடங்கும். சிலர் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள், சிலர் கூரையில் ஓடுகிற விசிறியையே வெறிப்பார்கள். ஊசியைக் கண்டதும் கை தானாகப் போய் டாக்டரின் மணிக்கட்டைப் பிடிக்கும். ஒருநாள் ஒரு ஆசிரியர் பிடித்த பிடியில் டாக்டரின் கையில் நான்கு விரல் தடம் சாயந்திரம் வரை இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தீயணைப்பு வீரர் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். எரிகிற கட்டடத்துக்குள் நுழைந்து இரண்டு பேரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர் என்று கீழே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவர் முதல் தடவை வந்தபோது, உள்ளே டிரில் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு வெளியிலிருந்தே போய்விட்டார். இரண்டாவது தடவை நாற்காலி வரை வந்தார். ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிட்டது என்றார். போன் அடித்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை வந்தபோது கன்னம் பன்னைப் போல் வீங்கியிருந்தது, ஓடுவதற்கு அவருக்குத் தெம்பில்லை.

டாக்டர் ஊசியை எடுத்தார். வீரர் பின்னுக்கு ஒதுங்கியதில் நாற்காலியே கிறீச்சிட்டது. பெரிய கை எழும்பி டாக்டரின் மணிக்கட்டை நோக்கி வந்தது. அக்காவுக்கு என்ன தோன்றியதோ, பெல்ட் பக்கத்தில் நிற்கிற குரலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“சார், ஒரு ஏணி. அதுல சரியா நடுப்படியில நீங்க நிக்கிறீங்க. மூணு படி ஏறுறீங்க. புகை வருது, அஞ்சு படி இறங்குறீங்க. மறுபடி ஆறு படி ஏறினா உச்சிப்படி வந்துடுச்சு. ஏணிக்கு மொத்தம் எத்தனை படி?”

வந்த கை பாதியில் நின்றது. அவர் அவளைப் பார்த்தார். வாய் திறந்திருக்கிறது, உள்ளே கண்ணாடியும் குழாயும் இருக்கின்றன, பேச வழியில்லை. கொஞ்ச நேரம் புருவத்தைச் சுருக்கினார். பிறகு இரண்டு கையையும் தூக்கி எட்டு விரலைக் காட்டினார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். அவர் கண்ணை மூடி மறுபடி ஏறினார், இறங்கினார், ஏறினார். உதட்டோரம் மெல்ல அசைந்தது. இன்னொரு விரல் நிமிர்ந்தது. ஒன்பது.

“நீங்க நின்ன நடுப்படிய முதல்ல விட்டுட்டீங்க,” என்றாள் அக்கா.

அவர் சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டு, ஊசியை எப்போது போடுவார்கள் என்று ஜாடையில் கேட்டார். போட்டாகிவிட்டது என்றார் டாக்டர்.

அன்றைக்கு அந்தப் பல்லை எடுப்பதற்குள் இன்னும் இரண்டு புதிர் ஆயிற்று. போகும்போது வீரர் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, அந்த ஏணிக் கணக்கைத் தன் ஆட்களிடம் கேட்கலாமா என்று ஒரு சீட்டில் எழுதிக் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து அது கிளினிக்கின் வழக்கமாகிவிட்டது. ஒரு மாதத்துக்குள் அக்கா சில விஷயங்களைக் கண்டுபிடித்தாள். வாயைத் திறந்து வைத்திருப்பவர் விரலால்தான் பதில் சொல்ல முடியும், ஆகவே விடை பத்துக்குள் இருக்க வேண்டும். ஐந்துக்கு மேலே இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு கையும் மேலே போய்விடும், டாக்டரின் மணிக்கட்டைப் பிடிக்கக் கை மிச்சம் இருக்காது. ரொம்ப எளிதாக இருந்தால் பாதியிலேயே பயம் திரும்பி வந்துவிடும். ரொம்பக் கடினமாக இருந்தால் ஆள் எரிச்சலாகி வாயை மூடிவிடுவார். ஊசிக்கு ஒரு விதம், பல் சுத்தம் செய்வதற்கு ஒரு விதம் என்று மனசுக்குள் பிரித்து வைத்துக்கொண்டாள்.

ஒரு தையல்காரப் பெண்மணிக்கு, ஏழு அண்ணன்மார், ஒவ்வொருவருக்கும் ஒரு தங்கை, மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கைப் போட்டாள். பெண்மணி பத்து விரலையும் காட்டிவிட்டு, செருப்பை உதறிவிட்டு ஒரு காலையும் தூக்கி, அதில் பெருவிரலை மட்டும் மடக்கினார். பதினாலு என்கிறார் என்று புரிவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. காலெல்லாம் வேண்டாம், ஒரே தங்கைதான் ஏழு பேருக்கும் பொது என்று அக்கா சொன்னதும் அந்த அம்மா சிரித்த சிரிப்பில் குழாய் வெளியே வந்து விழுந்தது.

இதில் கஷ்டப்பட்டது டாக்டர் ஒருவர்தான். கணக்கிலிருந்து தப்பிப்பதற்காகவே பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுத்தவர் அவர். இருந்தாலும் புதிர் காதில் விழுந்தால் விட முடியவில்லை. பத்தடிச் சுவரில் ஒரு நத்தை, பகலில் மூன்றடி ஏறும், இரவில் இரண்டடி சறுக்கும், எத்தனையாவது நாள் உச்சிக்குப் போகும் என்று அக்கா கேட்டால், நாற்காலியில் படுத்திருப்பவரோடு சேர்ந்து டாக்டரும் சுவர் ஏற ஆரம்பித்துவிடுவார். டிரில் அந்தரத்தில் நிற்கும். நோயாளி எட்டு விரலைக் காட்டி, அக்கா சரியென்று சொல்லி, ஒரு நிமிடம் கழிந்த பிறகும் டாக்டர் அப்படியே நின்று, பத்தாவது நாளாகத்தானே இருக்க வேண்டும் என்பார். ஏழு நாள் முடிகிறபோது நத்தை ஏழடியில் இருக்கிறது, எட்டாம் நாள் பகலில் மூன்றடி ஏறியதும் உச்சி வந்துவிடுகிறது, அதற்கப்புறம் எங்கே சறுக்கும் என்று அக்கா விளக்குவாள். நோயாளி வாயைப் பிளந்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

இது வேலைக்கு ஆகாது என்று டாக்டர் ஒருநாள் புதிரைத் தடை செய்தார். தடை நாலு நாள் நீடித்தது. அந்த நாலு நாளில் இரண்டு பேர் ஊசிக்கு முன்பே எழுந்து போனார்கள். ஒருவர் டாக்டரின் விரலைக் கடித்தார். ஐந்தாம் நாள் காலையில் டாக்டர் தானாகவே வந்து ஒரு ஏற்பாடு சொன்னார். அன்றன்றைக்குக் கேட்கப்போகிற புதிர்களைக் கதவு திறப்பதற்கு முன்பே தனக்குச் சொல்லிவிட வேண்டும். விடையோடு சொல்லட்டுமா என்றாள் அக்கா. டாக்டர் யோசித்தார். விடை வேண்டாம், தானே போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அதன்பிறகு தினமும் காலையில் டாக்டர் கையுறைப் பெட்டியை அடுக்கிக்கொண்டே முணுமுணுப்பார். முதலில் நாலு புதிரில் ஒன்றுக்குத்தான் சரியான விடை வந்தது. பிறகு இரண்டில் ஒன்று.

தீயணைப்பு வீரர் இருபது வருடமாகப் பல்லைக் கவனிக்காதவர் என்பதால் அவருக்கு ஆறு தடவை வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷன் செய்தியோடு வருவார். அழைப்பு வராத நேரத்தில் பத்து பேரும் வண்டி நிழலில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள், முன்பெல்லாம் போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள் என்றார். அக்காவுக்கு அதைக் கேட்கக் கேட்கக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொல்வாள். பெயின்ட் ஒட்டிய கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சம்பளத்தில் புதிருக்கு ஏதாவது சேர்த்துத் தருகிறார்களா என்பார்.

நான்கு மாதத்தில் தொழிற்சாலைச் சரக்கெல்லாம் தீர்ந்துபோயிற்று. ஒரே ஆளுக்கு ஒரே புதிரை இரண்டாம் தடவை போட முடியாது. அப்போதுதான் அக்கா முதன்முதலாகச் சொந்தமாக ஒன்றைச் செய்து பார்த்தாள். டாக்டர் தினமும் எழுதித் தருகிற மருந்துச் சீட்டிலிருந்தே அது கிடைத்தது. மூன்று நாள் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் அதைத் தேய்த்து மெருகேற்றினாள். வெறுமனே கேட்டால் எளிதாகிவிடும் என்று வார்த்தையைக் கொஞ்சம் மாற்றிப் போட்டாள். காலையில் கணவரிடம் கேட்டாள். அவர் யோசிக்காமலே ஒன்பது என்றார். அவளிடம் இருந்த விடையும் அதுதான். டாக்டரிடம் மட்டும் அன்றைக்குச் சொல்லவில்லை, ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

வீரருக்கு அது நாலாவது முறை. டாக்டர் டிரில்லை எடுத்ததும் அக்கா சொன்னாள்.

“சார், எட்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. முதல் மாத்திரைக்கும் கடைசி மாத்திரைக்கும் நடுவுல சரியா மூணு நாள். மொத்தம் எத்தனை மாத்திரை?”

வீரர் நன்றாக யோசித்தார். பத்து விரலையும் காட்டினார். அவள் புன்னகையோடு இல்லையென்று தலையாட்டினாள். அவர் கண்ணை மூடி இன்னொரு தடவை போட்டார். மறுபடியும் பத்து. ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை, மூன்று நாளைக்கு ஒன்பதுதானே சார் என்றாள் அவள். அவர் ஒத்துக்கொள்ளாமல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்ட, டாக்டர் அவசரமாக டிரில்லை வெளியே எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். அவர் உதடும் அசைந்தது.

“அக்கா, பத்துதான்,” என்றார் டாக்டர் மெதுவாக. “முதல் மாத்திரை திங்கட்கிழமை காலைல எட்டு மணிக்கு. கடைசி மாத்திரை வியாழக்கிழமை காலைல எட்டு மணிக்கு. எட்டு மணி நேர இடைவெளிதான் ஒன்பது. மாத்திரை பத்து.”

அக்கா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். பத்துதான்.

டாக்டருக்கு அன்றைக்குப் பிடிபடாத சந்தோஷம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கணக்கில் இன்னொருவரை முந்தியிருக்கிறார். அடுத்து வந்தவரிடம் சொன்னார், அதற்கடுத்து வந்தவரிடமும் சொன்னார். நம் அக்காவையே மடக்கிவிட்டேன் என்று மதியம் போனில் தன் அம்மாவிடமும் சொன்னார். எதிலும் கெட்ட எண்ணம் கிடையாது. அக்காவும் கூடவே சிரித்தாள். ஆனால் உள்ளே ஏதோ சுருங்கிப்போனது. பள்ளிக்கூடத்தில் சாக்பீஸைக் கையில் கொடுத்துக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கவைத்தபோது, பின்னால் நாற்பது பேர் சிரித்த சத்தம் மறுபடி கேட்டது. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய சிரிப்பு.

மறுநாள் காலையில் புதிர் என்னவென்று டாக்டர் கேட்டபோது, கைவசம் எதுவும் இல்லை என்றாள். அதற்கு மறுநாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் டாக்டர் கேட்கவில்லை. அக்கா குழாயைப் பிடித்தாள், கருவியை எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். பேச்சே குறைந்துபோயிற்று. டீ குடிக்கும்போதும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பாள். நோயாளிகள் மறுபடி விசிறியை வெறிக்க ஆரம்பித்தார்கள். டாக்டரின் மணிக்கட்டில் மறுபடி விரல் தடம் விழுந்தது. தான் போட்ட ஆட்டம்தான் இதற்குக் காரணம் என்று டாக்டருக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பஞ்சு தீர்ந்துவிட்டதா என்று கேட்டு முடித்தார்.

எட்டாம் நாள் வீரர் ஐந்தாவது முறைக்கு வந்தார். வந்ததுமே மாத்திரைக் கதையை ஆரம்பித்தார். ஸ்டேஷனில் ஏழு பேர் ஒன்பது என்று நின்றார்களாம், தன்னோடு சேர்த்து மூன்று பேர்தான் பத்து. நாலு நாள் சண்டை. கடைசியில் பத்து ஹெல்மெட்டைத் தரையில் வரிசையாக வைத்து, இடையில் இருக்கிற சந்துகளை எண்ணிக் காட்டிய பிறகுதான் அவர்கள் ஒத்துக்கொண்டார்களாம். இதுவரை வந்ததிலேயே உங்கள் புதிர்தான் ஜோர், ஏழு பேரைக் கவிழ்த்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னார். அவள் உதட்டை மட்டும் லேசாக இழுத்துச் சிரித்தாள்.

வீரர் நாற்காலியில் சாய்ந்து, இன்றைக்கு என்ன என்பதுபோல் அவளைப் பார்த்தார். அவள் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு தானே இறங்கினார்.

“ஒருத்தர் வாயில முப்பத்திரண்டு பல். அதுல மூணு விழுந்துடுச்சு. மிச்சம் இருக்கிறதுல பாதிப் பல்லுல ஓட்டை. எத்தனை பல் நல்லா இருக்கு?”

வீரர் பத்து விரலைக் காட்டினார். மடக்கிவிட்டு நாலு விரலைக் காட்டினார். அப்புறம் நெடுநேரம் யோசித்து, சுண்டுவிரலைப் பாதி மடக்கிக் காட்டினார். பதினாலரை. டாக்டரின் முகம் மாறியது. மூன்றை எதற்குக் கழித்தோம், நாலைக் கழித்திருக்கலாமே என்று அவர் வாய்க்குள் சொல்வது எல்லாருக்கும் கேட்டது.

அக்காவால் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் அம்மா என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். விளக்கை அவள் பக்கம் திருப்பினார். இடது கன்னம் கீழே கனத்திருந்தது. ஒரு வாரமாகப் பக்கத்திலேயே நிற்கிற முகம்தான். கோபத்தில் உம்மென்று இருக்கிறது என்று டாக்டர் நினைத்திருந்தார்.

வாயைத் திறக்கச் சொன்னார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினாள்.

“எத்தனை நாளா இருக்கு?”

“ஒரு வருஷம் இருக்கும்.”

“இங்க வேலைக்குச் சேர்ந்தப்பவே இருந்துச்சா?”

“இருந்துச்சு. தினமும் நீங்க எடுக்கிறத பக்கத்துல நின்னு பார்க்கிறேன்ல, பார்க்கப் பார்க்கப் பயம் கூடிடுச்சு டாக்டர்.”

டாக்டர் தன் ஸ்டூலை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். “நான் அன்னைக்கு அப்படி ஊர் பூரா சொல்லியிருக்கக் கூடாது அக்கா. அதுக்காகத்தான் நீங்க பேசலைன்னு நினைச்சேன்.”

அக்கா கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள். “அதுக்குப் பாதி. இந்தப் பல்லுக்குப் பாதி.”

இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, வீரர் வாயைத் திறந்தபடியே படுத்திருந்தார். மூடலாமா என்று ஜாடையில் கேட்டார்.

வீக்கம் வடிய வேண்டும், அப்புறம்தான் எடுக்க முடியும் என்றார் டாக்டர். சீட்டை இழுத்து, எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, மூன்று நாளைக்கு என்று எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் தான் எழுதியது என்னவென்று அவருக்கு உறைத்தது. மூன்று பேரும் அந்தச் சீட்டையே பார்த்தார்கள். ஒன்பதா பத்தா என்று வீரர் கேட்டார். சாப்பிடுவதற்கு ஒன்பது போதும் என்று டாக்டர் சொன்னார்.

நாலாம் நாள் வீக்கம் வடிந்திருந்தது. அன்றைக்கு வேறு யாரையும் வரச்சொல்லவில்லை. ஒரு சிக்கல் மட்டும் இருந்தது: அக்காவே நாற்காலியில் படுத்தால் குழாயை யார் பிடிப்பது. அது என் விடுமுறை நாள், இருபது வருடமாகக் குழாய் பிடித்த கை இது என்று வீரர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொன்னபடி வந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, தனக்குப் பத்தாத கையுறையை எப்படியோ மாட்டிக்கொண்டு நின்றார். கணவர் தோளில் பெயின்ட் புள்ளிகளோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டதற்கு, தனக்கு இதெல்லாம் பார்த்தால் ஆகாது என்று சொல்லிவிட்டார்.

அக்கா சாய்ந்தாள். அந்த அறையில் அவளுக்குத் தெரியாத பொருள் ஒன்றுமில்லை. எந்தக் கருவி எதற்கு, எப்போது எடுப்பார்கள், எடுத்தால் அடுத்து என்ன என்று எல்லாம் தெரியும், அதுதான் வினை. கீழேயிருந்து பார்க்கும்போது விளக்கு இவ்வளவு பெரியது என்பது மட்டும் புதிதாக இருந்தது. செருப்பு நுனி ஆடுவது அவளுக்கே தெரிந்தது.

“அக்கா, நானே செஞ்ச புதிர், மூணு நாளா போட்டுப் பார்த்திருக்கேன்,” என்றார் டாக்டர். “பல் டாக்டருங்க கூட்டம் ஒண்ணு நடக்குது. வந்தவங்க எல்லாரும் மத்த எல்லார்கூடவும் ஒரு தடவை கை குலுக்குறாங்க. யாரையும் விடலை, யார்கூடவும் ரெண்டு தடவை குலுக்கலை. மொத்தம் இருபத்தெட்டு கைகுலுக்கல். எத்தனை டாக்டருங்க வந்தாங்க?”

அக்கா கண்ணை மூடினாள். இரண்டு பேர் வந்தால் ஒரு குலுக்கல். மூன்றாவது ஆள் உள்ளே வந்தால் இருக்கிற இரண்டு பேரோடும் குலுக்குவார், மூன்று. நாலாவது ஆள் மூன்று பேரோடு, ஆறு. கதவைத் திறந்து ஒவ்வொருவராக வெள்ளைக் கோட்டோடு வந்துகொண்டிருந்தார்கள். பத்து, பதினைந்து. எங்கோ ஈறில் எறும்பு கடித்த மாதிரி இருந்தது; அவள் எண்ணுவதை விடவில்லை. இருபத்தொன்று. எட்டாவது ஆள் வந்து ஏழு பேருக்கும் கை கொடுத்தார். அவள் எட்டு விரலைத் தூக்கினாள்.

டாக்டர் ஊசியைத் தட்டில் போட்டுவிட்டுச் சிரித்தார். “சரியா வந்துச்சா? முழு எண்ணா வந்துடுச்சுல்ல?”

தாடை மரத்துப்போகப் பத்து நிமிடம் காத்திருந்தார்கள். டாக்டர் இடுக்கியை எடுத்தபோது, இப்போது என் முறை என்றார் வீரர். ஸ்டேஷன் மணி ஐந்து தடவை அடிக்க எட்டு செகண்ட் ஆகிறது, அதே வேகத்தில் ஆறு தடவை அடிக்க எத்தனை செகண்ட் ஆகும் என்று கேட்டார். கேட்கும்போதே அவர் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு இருந்தது. அக்கா அதைக் கவனித்தாள். மணியை அவள் எண்ணவில்லை. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருக்கிற சும்மா நேரத்தை எண்ணினாள். ஐந்து அடிக்கு நாலு இடைவெளி, ஒன்றுக்கு இரண்டு செகண்ட். ஆறு அடிக்கு ஐந்து இடைவெளி. தாடையை யாரோ அசைப்பதுபோல் இருந்தது, மரம் முறிவதுபோல் ஒரு சத்தம் காதுக்குள் கேட்டது. அவள் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

பல் அதற்குள் தட்டில் கிடந்தது.

வெளியே வந்ததும் கணவர் அவள் முகத்தையே பார்த்து, ரொம்ப வலித்ததா என்று கேட்டார். வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் அவளால் பேச முடியவில்லை. வீரர் அவளுக்காக, வலி கிடையாது, மணி அடித்தது, அவ்வளவுதான் என்று சொல்லிவைத்தார். கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் வீரருக்கு நன்றி சொன்னார்.

அடுத்த வாரம் அக்கா வேலைக்கு வந்தபோது புதிர் திரும்பி வந்துவிட்டது. இப்போது செய்வது இரண்டு பேருமாகத்தான். அவள் வாயால் சொல்வாள், டாக்டர் எழுதிக்கொள்வார். எழுதிய பிறகு தரையில் மூடிகளையோ பஞ்சு உருண்டைகளையோ வரிசையாக வைத்து இரண்டு பேரும் எண்ணிச் சரிபார்ப்பார்கள். அப்படியும் சில தப்பாகத்தான் போகின்றன. தப்பு வந்தால் அன்றைக்கு முழுவதும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், முதலில் சிரிப்பது அக்காதான். வாரத்துக்கு ஒரு புதிரைக் கீழ்வாசலில் ஒட்டலாம் என்றது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் விரலை மடக்கி மடக்கி யோசிப்பதை மாடி ஜன்னலிலிருந்து பார்க்கலாம். விடை தெரியாமல் பொறுக்க முடியாமல் மேலே ஏறி வந்த இரண்டு பேருக்கு உண்மையிலேயே சொத்தைப் பல் இருந்தது.

பல் எடுத்த மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் சமையலறை ஜன்னலில் சாய்ந்துகொண்டு ஒரு பச்சை ஆப்பிளை எடுத்தாள். ஒரு வருடமாக எல்லாவற்றையும் வலது பக்கமே மென்று பழகியிருந்தது. கொஞ்சம் தயங்கி இடது பக்கம் வைத்துக் கடித்தாள். மொறுக்கென்று சத்தம் வந்தது. கூடத்தில் பிரஷ்களைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்த கணவர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்து, பாதி தரச் சொன்னார். அவள் தரவில்லை, கூடையில் இன்னும் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு முழுசையும் தானே சாப்பிட்டாள்.